ஹெல்மெட் மாட்டிய வாக்கியம்

'கூறப்படுகிறது' என்று முடியும் வாக்கியத்தைப் பார்த்து, கூறியது யார் என்று அந்தச் செய்தி அறையில் எவரும் கேட்பதில்லை.

எழுதிவைத்த விதியல்ல. ஆனாலும் ஆசிரியர் முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் வரை அதை மீறியவர் கிடையாது.

அந்தச் சொல்லுக்கு அங்கே செல்லப் பெயர், ஹெல்மெட். எழுதியவர் தலையில் அடி விழாமல் காப்பதால்.

அங்கே நிருபராக இருந்த அவளுடைய நிஜ ஹெல்மெட் மேசைக்கடியில் தூசு படிந்து கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு செய்தி தேடி வீதிவீதியாக அலைந்த காலம் மலையேறிவிட்டது. சமூக ஊடகங்களில் சுற்றும் காணொளிகளில் எது ஓடும் என்று மோப்பம் பிடித்துப் பொறுக்கி, அதற்கு நாலு வரி எழுதுவதுதான் இப்போது நிருபர் வேலை.

அன்று காலை அவள் பொறுக்கியது, ஏதோவொரு மாடியிலிருந்து யாரோ எடுத்த காட்சி. சாலையோரத்தில் ஒரு பெண், கிழவர் ஒருவரின் கையில் ஓங்கி அடித்து, தரதரவென்று இழுத்துப் போகிறாள். இருவரின் முதுகு மட்டுமே தெரிந்தது.

'பெற்ற மகளா இவள்?' என்று தலைப்பிட்டாள். கீழே, 'அந்தப் பெண் முதியவரின் சொந்த மகள் எனக் கூறப்படுகிறது.'

நண்பகலுக்குள், அதிகம் பார்க்கப்பட்டவற்றை வரிசைப்படுத்தும் சுவர்த்திரையில் அந்தச் செய்திதான் முதலிடம்.

"ஊரே அந்தம்மாவைக் காறித் துப்புது மேடம். ஹெல்மெட் மாட்டியாச்சுல்ல?" பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் கைபேசி ஒலித்தது. அக்கா மகள்.

"சித்தி, தாத்தா அறுந்து கிடந்த கரண்ட் கம்பியைத் தொடப் போனாரு. அம்மா தட்டிவிட்டாங்க, அவ்வளவுதான். அதைப் போய் உங்க ஆபீஸ்ல... அம்மா கதவைச் சாத்திக்கிட்டுத் திறக்கவே மாட்டேங்கறாங்க. 'கூறப்படுகிறது'ன்னு போட்டிருக்கே, யாரு சித்தி அப்படிக் கூறினது? நீங்க அங்கதானே இருக்கீங்க, கேட்டுச் சொல்லுங்க."

அவள் காட்சியை மறுபடி ஓட்டினாள்.

ஓரத்தில், மெல்லிய கோடாக, கம்பி இருந்தது. முதல் முறையும் இருந்திருக்கும்.

குடும்பக் குழுவில் அக்கா அனுப்பும் படங்களிலெல்லாம் அப்பா நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித்தான் அக்காவும் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இதயக்குறி போட்டதோடு இவள் கடமை முடிந்தது.

அப்பாவின் முதுகு இவ்வளவு கூனிப்போனது எப்போது?

தான் வைத்த தலைப்பை அவள் அப்போதுதான் வாசித்தாள்.

"வட்டாரங்கள் சொன்னதா சொல்லிடுங்க," என்று, கைபேசியில் வந்த கேள்வி காதில் விழுந்த பக்கத்து மேசைக்காரர் கிசுகிசுத்தார்.

அவள் எழுந்து நின்றாள். அறை முழுவதும் கேட்கும்படி கைபேசியில் சொன்னாள்:

"யாரும் கூறல கண்ணு. எழுதினது உன் சித்தி."