துரைக்கு என்ன கோபம்?

“உன் துரை இன்னிக்கும் கட்டில்லயே போயிட்டான், வந்து பாரு!”

குளித்துவிட்டு வந்த கணவன் இடுப்புத் துண்டோடு நின்று கத்தினான். மனைவி தையல் மிஷினில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கேட்கிறவர்கள் யாரோ பிள்ளையைத் திட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பிள்ளை இல்லாத வீடு அது. துரை என்பது அவள் குட்டியிலிருந்து வளர்க்கும் பூனை, அண்டங்காக்காய்க் கறுப்பு.

ஊரிலிருந்து வந்ததும் வராததுமாகக் கணவன் கழற்றிக் கட்டிலில் எறிந்திருந்த நீல பேண்ட் மேலேயே துரை காரியத்தை முடித்திருந்தது. மெத்தை வரைக்கும் ஈரம். குளியலறை ஓரத்தில் அதற்கென்றே வைத்திருக்கும் மண் தட்டோ சலித்த மாவு மாதிரி கலையாமல் கிடந்தது.

“இத்தனை வருஷமா ஒழுங்கா தட்டுலதானேங்க போய்க்கிட்டிருந்தான். திடீர்னு என்ன வந்துச்சுன்னே தெரியலையே.”

“திமிர் வந்துச்சு! நீ தைக்கிற துணி வீடு பூரா இறைஞ்சு கிடக்கு, அதுமேல போகுதா? என் பை, என் துணி, நான் படுக்கிற பக்கம். அதுக்கு என்னைக் கண்டாலே ஆகலை.”

அவளும் என்னதான் செய்வாள்? மண்ணை மாற்றினாள், தட்டை மாற்றினாள், தட்டு வைத்த இடத்தையும் மாற்றினாள். கெஞ்சினாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அடித்தும் பார்த்தாள். அடித்த அன்று அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“பிராஞ்ச் வேலைன்னு வாரத்துல பாதி நாள் அந்த லாட்ஜுல கிடக்கிறேன். அங்க ஒரு ஈ எறும்பு கிடையாது, நிம்மதியா தூங்கறேன். வீட்டுக்கு வந்தா இந்த நாத்தம்! இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டு. சரியாகாதுன்னா சாயங்காலமே எங்கயாவது விட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் ஒப்பாரி வைக்காதே.”

அவன் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்து பேசுவது துரையோடு மட்டும்தான். அவனுக்கோ பூனை முடி பட்டாலே தும்மல் வருமாம். ஒருநாள்கூட மடியில் ஏற விட்டதில்லை. சொன்னால் செய்துவிடுகிற மனுஷன் வேறு.

எப்படியும் துவைக்க வேண்டியதுதானே என்று அந்த ஈர பேண்ட்டையே கூடையில் விரித்து, துரையை உள்ளே உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தும் பார்த்தார். “ஒரு குறையும் இல்லைம்மா. சிங்கக்குட்டியாட்டம் இருக்கான்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஏதாவது நோயின்னு சொல்லுங்க டாக்டர், மருந்து கொடுத்தாவது பார்க்கலாம். ஒண்ணுமில்லைன்னு போய் நின்னா இன்னிக்கே இவனைக் கொண்டுபோய் விட்டுடுவாரு.”

“அழாதீங்கம்மா. வீட்டுக்குப் புதுசா இன்னொரு பூனை வந்திருக்கா?”

“இல்லைங்களே. எங்க தெருவுலயே வேற பூனை கிடையாது.”

“வேற பூனையோட வாசனை பட்ட பொருள்மேலதான் இவங்க இப்படிப் போவாங்க. ‘இது என் இடம், நீ வராதே’ன்னு சொல்ற மாதிரி. நீங்க திமிருன்னு நினைக்கிறீங்க. பாவம், அவன் பயந்துபோய்க் கிடக்கான்.”

பேசிக்கொண்டே டாக்டரம்மா கூடையிலிருந்த பேண்ட்டை எடுத்து விளக்கடியில் விரித்தார். தொடைப் பக்கம் முழுக்க முடி. வெள்ளை வெளேரென்று, நீளநீளமாக.

“இதோ, பாருங்க! வெள்ளைப் பூனை ஒண்ணு மடியிலயே சுருண்டு படுத்து நல்லா தூங்கியிருக்கு. உங்க வீட்டுக்காரருக்குப் பூனைன்னா உயிரோ?” டாக்டரம்மா சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேண்ட்டை வாங்கி, மடித்து, மறுபடி மடித்துக் கூடையில் வைத்தாள். துரையைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்து வீட்டுக்கு நடந்தாள்.

கணவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். “என்ன சொன்னாங்க? தேறாதுதானே? கூடையை அப்படியே கொடு, நானே போய் விட்டுட்டு வர்றேன்.”

“துரைக்கு ஒண்ணும் இல்லையாம்.” அவள் கூடையைத் திறந்துவிட்டாள். துரை விறுவிறுவென்று தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் எதுக்காம் இந்தக் கூத்து?”

அவள் டிவியை அணைத்தாள். சண்டை போடத்தான் நினைத்தாள். குரல் இறங்கித்தான் வந்தது.

“அந்த வெள்ளைப் பூனைக்கு நீங்க ரெண்டு பேரும் என்ன பேரு வெச்சிருக்கீங்க?”