குறுக்கே வந்த நாய்

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களை விசாரித்து மதிப்பிடும் ஆலோசகர்களுக்கு, செம்பூரில் தமிழிலேயே ஒரு பயிற்சி வகுப்பு. பாடம் எடுத்தவர் டாக்டர் தனசீலன்.

"குடிகாரன் சொல்ற பொய்யை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேன். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

முன்வரிசையில் ஜாக்குலின் எழுந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"ஒருத்தர் பார்ட்டி முடிஞ்சு வண்டி எடுக்கும் முன்னால கிராம்பு மெல்லுதாரு சார்."

"வாடையை மறைக்கான். எழுதிக்கோங்க."

"குடிச்சீங்களான்னு கேட்டா, என்னையே சந்தேகப்படுதியான்னு கத்துதாரு."

"முத்தின கேஸ்!" வகுப்பே சிரித்தது.

"போன வாரம் சயான் ரோட்டுல வண்டியை டிவைடர்ல ஏத்திட்டு, நாய் குறுக்கே வந்துட்டுன்னாரு. பின்சீட்ல பிள்ளை இருந்தது."

தனசீலன் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார். எல்லாப் பேனாக்களும் காத்திருந்தன.

"அது... பொய்தான்."

"அப்போ வீட்டுல உள்ளவங்க என்ன செய்யணும் சார்?"

"வண்டிச் சாவியைப் பிடுங்கிரணும்."

"சத்தமா சொல்லுங்க சார், பின்னால கேக்கல!" என்றார் கடைசி வரிசைக்காரர்.

"சாவியைப் பிடுங்கிரணும்!"

மாலையில் காரருகே நின்று பாக்கெட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தார் டாக்டர். ஜாக்குலின் அவர் எதிரே வந்து நின்றாள்.

"சாவி என்கிட்ட இருக்கு, தர மாட்டேன். நெருள் வீட்டுக்கு டிரெயின்ல போவோம், வாங்க. நம்ம பிள்ளை இனிமே நீங்க ஓட்டுற வண்டில ஏறாது" என்றாள் அவர் மனைவி.