துணைப்பாடத்துக்கு ஒரு பேரம்

“பிசிக்ஸை விட்டுடறேன்பா. காலேஜ்ல நாடகத்தையே மெயின் பாடமா எடுக்கப் போறேன்” என்றாள் மகள்.

பழைய கார் விற்கும் அப்பாவுக்குக் காபி புரையேறியது.

“நாடகமா? மூணு வருஷம் மேடையில அழுதுட்டு, அப்புறம் வேலை கிடைக்காம வீட்டுல உட்கார்ந்து அழுவியா?”

மகள் அப்போதே அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் இருபது வருஷம் பேரம் பேசிப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா?

“சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். மெயின் பிசிக்ஸாவே இருக்கட்டும். நாடகத்தைத் துணைப்பாடமா வச்சுக்கோ. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது.”

“உங்களுக்காகத்தான்பா ஒத்துக்கறேன்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கினார். “எப்படி மடக்கினேன் பார்த்தியா? ஃபாரத்தைக் கொண்டா, அவ மனசு மாறுறதுக்குள்ள நிரப்பிடலாம்.”

“அதைத் திங்கட்கிழமையே குடுத்தாச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்” என்று மனைவி போனில் நகலைக் காட்டினாள்.

முதன்மைப் பாடம்: இயற்பியல். துணைப்பாடம்: நாடகம்.

மீசையிலிருந்து அவர் கை கீழே இறங்கியது.

“துணைப்பாடம்னு மட்டும் கேட்டிருந்தா அதையும் வெட்டியிருப்பீங்க. எடுத்த எடுப்புல விலையை ஏத்திச் சொல்லணும்னு தினமும் சாப்பிடறப்போ பெருமையடிக்கறது யாரு?”

“அப்போ அந்த அழுகை?”

“அதுதாங்க துணைப்பாடம்.”