நடுவில் நிற்பவர்

“எங்கப்பா படத்தைக் குடுத்துரு ஷாமினி. நீ வரைஞ்சு கிழிச்சது போதும்.”

ஈப்போ புந்தோங் கடைவரிசையின் பக்கச் சுவரில் சாரத்தின் மேல் நின்று வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஷாமினி திரும்பிப் பார்த்தாள். கீழே விமலா. சூப்பர்மார்க்கெட் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

“இன்னும் வேலை முடியலக்கா. நாளைக்குத் திறப்பு விழாவுல தாரேன்.”

“இன்னும் என்ன வேலை? இத்தனை நாளு நடுவுல துணியப் போட்டு மூடி வச்சிருந்தே. இன்னிக்குத்தான் தெரியுது, உள்ள கிராணி நிக்கிறாரு.”

மூடப்பட்ட தோட்டத்தின் நினைவாக வரையப்படும் ஓவியம் அது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நடுவை நோக்கி ஓடின. பால் வாளி தூக்கிய பெண்களும் கத்தி பிடித்த ஆண்களும் அந்த நடுவையே பார்த்தபடி நின்றார்கள். அங்கே ஒரு கையை உயர்த்தி நின்றவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சுவர் அவருடைய மகன் ஜெயபாலனுக்குச் சொந்தம். சுவர் யாருடையதோ, சரித்திரமும் அவருடையது. ஊர் நியாயம் அப்படித்தான் இருக்கிறது.

தோட்டம் மூடியபோது, வீடு கிடைக்கும் என்று சொல்லி ஜனங்களிடம் கைநாட்டு வாங்கியவர் அந்தக் கிராணி. அது வெறுங்கையோடு வெளியேறச் சம்மதிக்கும் காகிதம். “யாரும் கை வைக்காதீங்க” என்று ஆபீஸ் வாசலில் மறித்து நின்றவர் விமலாவின் அப்பா அர்ச்சுனன். வேலை போனது. லாக்கப்பில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் அந்த ஜனங்களுக்கு வீடு என்று ஒன்று கிடைத்தது. அவர் செத்த பிறகு ஒரு மண்டபத்தில்கூட அவர் படம் மாட்டப்படவில்லை. இந்தச் சுவரிலாவது அப்பா நிற்பார் என்று நம்பித்தான், இருந்த ஒரே போட்டோவை விமலா ஷாமினியிடம் கொடுத்திருந்தாள்.

“நீதானே அன்னிக்கு எங்க வீட்டுல உக்காந்து பாடம் எடுத்தே? கோடெல்லாம் எங்க போய் முடியுதோ அங்கதான் பாக்கிறவன் கண்ணு நிக்கும்னு. சுத்தி மங்கலா வச்சிட்டு ஒருத்தருக்கு மட்டும் மஞ்ச வெளிச்சம் குடுத்தா, அவருதான் படம்னு. எங்கப்பாவுக்காகச் சொல்றேன்னு நெனைச்சேன்லா. அத்தனையும் அந்தாளுக்கா?”

“கோடு சரியாத்தான் போகுதுக்கா.”

“என்னா சரி? இந்த ஜனங்க மொகத்தைப் பாரு. சாமியப் பாக்கிற மாதிரி பாக்குது. கிராணியை எந்தத் தொழிலாளி இப்படிப் பாத்தான்?”

“அவங்க பாக்க வேண்டிய ஆளைத்தான் பாக்கிறாங்க.”

விமலா சாரத்தை நெருங்கி வந்து அண்ணாந்து பார்த்தாள். பேச்சைப் பார், பேச்சை. மற்றவர்களை எல்லாம் டின் பெயிண்டில் வரைந்தவள், கிராணிக்கு மட்டும் குட்டிப் பாட்டில்களில் இருந்து எடுத்து ஆசை ஆசையாகக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு மட்டும் ஸ்பெசல் கலரு வேற.”

“ஆமாக்கா. அவருக்குன்னே வாங்கினது.”

அதற்குள் ஜெயபாலனின் கார் வந்து நின்றது. இறங்கியவர் சுவரைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

“அப்பா அப்படியே நிக்கிறாரு. நாளைக்குக் காலையிலே விழா. சுவத்தை ஒட்டிப் பந்தல் போடச் சொல்லிட்டேன்.”

“வேணாம் பாஸ். பந்தல் நெழலு அப்பா மொகத்துல விழும். எதுத்த பக்கம் போடுங்க. விழாவையும் சாயங்காலம் வைங்க. வெளிச்சம் சாய்வா விழுந்தாத்தான் அந்த மஞ்ச எடுக்கும்.”

“அப்பா மொகத்துல நெழலு விழக்கூடாது. மாத்திடலாம், அதுல என்ன சிரமம், ஒன்னும் சுசா இல்ல.”

“உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும்” என்றாள் விமலா. தங்களில் யாரைச் சொன்னாள் என்று இருவருமே கேட்கவில்லை.

மறுநாள் மாலை போட்டோவை வாங்குவதற்காக மட்டுமே அவள் போனாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் பந்தல் நிறையக் கூட்டம். பழைய தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஜெயபாலன் திரையை இழுத்தார். சிலர் கை தட்டினார்கள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

“எங்கப்பா மட்டும் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் வீடு ஏது?”

விமலா எழுந்தேவிட்டாள்.

“பொய் சொல்லாதீங்க. உங்கப்பா வாங்கினது கைநாட்டு. வீடு வாங்கிக் குடுத்தது எங்கப்பா.”

யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. அந்த நேரத்தில், ஈப்போவில் சாயங்காலமானால் பெரும்பாலும் வந்துவிடுகிற அந்த மழை, சாய்வாக வந்து சுவரில் அடித்தது.

முதலில் கிராணியின் மூக்குக் கண்ணாடி ஒழுகியது. பிறகு மீசை. ஜெயபாலன் திரைத்துணியைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடினார். கிராணியின் உயர்த்திய கையிலிருந்த கடிகாரம் ஜெயபாலனின் சட்டை மேலேயே சொட்டியது.

“ஏய், என்னா கலரு போட்டே நீ?”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்க கலரு பாஸ். தண்ணி பட்டாப் போயிடும்” என்றாள் பந்தல் ஓரத்தில் நின்ற ஷாமினி.

பந்தலுக்குள் அத்தனை பேரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஷாமினி பையிலிருந்து அந்தப் பழைய போட்டோவை எடுத்து விமலாவிடம் நீட்டினாள்.

“இப்ப வேலை முடிஞ்சிருச்சுக்கா.”

கிராணியைத் தவிர சுவரில் ஒரு மரமும் ஒரு முகமும் கரையவில்லை. அத்தனை கோடும் அத்தனை கண்ணும் போய் முடிகிற அதே இடத்தில், அதே மஞ்சள் வெளிச்சத்தில், கையை உயர்த்தி மறித்து நின்றுகொண்டிருந்தார் அர்ச்சுனன்.