அண்ட் சன்ஸ்

எங்கள் டிடிபி சாப்ட்வேர் இப்போதெல்லாம் பொய்யை அச்சடிக்க விடுவதில்லை. போன வாரம் ஒருவருடைய எம்.ஏ. பட்டத்தையே அழித்துவிட்டது.

இன்று பெயின்ட் கடை ஞானதிரவியம் அண்ணாச்சி விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார். ‘ஞானதிரவியம் அண்ட் சன்ஸ்’ என்று டைப் செய்தேன். ‘அண்ட் சன்ஸ்’ மட்டும் அழிந்தது. மறுபடி அடித்தேன். அழிந்தது.

“மகனுங்க ரெண்டு பேரும் கனடாவுல இருந்து எப்ப வர்றாங்க, அண்ணாச்சி?”

“கிறிஸ்துமஸுக்கு வந்து கடையப் பாத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்கானுவ.”

மூன்றாம் முறையும் அழிந்தது. அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய பெயரை வழக்கம்போல நடுவுக்கு நகர்த்தினேன்.

“நடுவுல வேண்டாம், தங்கச்சி. ஓரத்துலயே இருக்கட்டும். பக்கத்துல எடம் கெடக்கட்டும்.”

காலி இடத்தை சாப்ட்வேர் ஒன்றும் செய்யவில்லை.