தாம்பூலப் பை

மகளின் காதுகுத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும் நேரம். ஸ்ரீரங்கத்து மண்டப வாசலில் இளவேனில் தாம்பூலப் பைகளோடு நின்றுகொண்டாள்.

ஒவ்வொரு பையிலும் தேங்காய், வெற்றிலை பாக்கு. அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிறிய பெட்டி.

எச்.ஐ.வி. இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பெட்டி.

விசேஷ வீட்டில் கொடுக்கிற பொருளா இது என்று கணவன் ரத்தினவேல் தலையில் அடித்துக்கொண்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் தொண்டு நிறுவன வேலைக்காக அரியமங்கலத்தில், தன் தெருவிலேயே மேசை போட்டு இதே பெட்டிகளைச் சும்மாதான் கொடுத்துப் பார்த்தாள். மேசையருகே வந்தால் தெருவே கதை கட்டிவிடும். ஒருத்தியும் வரவில்லை.

லாரி ஓட்டுகிறவன் மனைவி ஜோதி மட்டும் வெறும் குடத்தோடு அந்த வழியே போவதும் வருவதுமாக இருந்தாள். வாசலிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஜோதியின் மாமியார் வீரம்மாள்.

எல்லார் கையிலும் இருந்தால் யாரை யார் பேசுவது? தாம்பூலப் பையை வேண்டாம் என்கிறவர் யார்?

வீட்டுக்கு ஒரு பை. ஜோதி கை நீட்டுவதற்குள் வீரம்மாள் முந்திக்கொண்டாள். இளவேனிலுக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு பைக்காகத்தான் அத்தனை பைகளும்.

தேங்காய் தேறுமா என்று அங்கேயே கைவிட்டுப் பார்ப்பது வீரம்மாளின் வழக்கம். பெட்டி கையோடு வந்தது. காகிதத்தைப் பிரித்தாள்.

"என்னம்மா இது?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இளவேனில் குரலைத் தாழ்த்தவில்லை.

"எச்.ஐ.வி. டெஸ்ட்டுங்க அத்தை. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் போதும். வீட்டுலயே பாத்துக்கலாம், வேற யாருக்கும் தெரியாது. ஏதாச்சும் இருந்தா மருந்து இருக்கு, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வரேன். எல்லார் பையிலயும் வச்சிருக்கேன்."

ஜோதி தரையைப் பார்த்தபடி நின்றாள். வீரம்மாள் பெட்டியைப் பைக்குள் திணித்தாள். மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

போச்சு, குப்பைக்குத்தான் போகப்போகிறது. இளவேனில் அடுத்தவருக்குப் பையை நீட்டினாள். அதற்கடுத்தவருக்கும் நீட்டினாள்.

கூட்டம் குறைந்தபோது வீரம்மாள் மட்டும் திரும்பி வந்தாள். தெருவில் நின்ற ஆட்டோவில் ஜோதி உட்கார்ந்திருந்தாள். பை அவள் மடியில் இருந்தது.

"எம் மகன் வெள்ளிக்கிழமை லோடு இறக்கிட்டு வரான். அவனுக்கும் ஒண்ணு குடு. தேங்காய் வேணாம்."