பின்சீட்டு

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் தணிகாசலம், பன்னிரண்டு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்த மோட்டார் சைக்கிளைத் தேர் மாதிரி நாலு பேரை விட்டுத் தள்ளவைத்து, சவரிமுத்துவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மீசைக்கும் வண்டிக்கும் ஒரே மையைப் பூசியிருப்பார் போலிருந்தது.

"ஓட்டம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. அந்தப் பழைய சத்தம் வரணும்."

சவரிமுத்து டேங்கைக் கழுவி, கார்புரேட்டரில் பிசினாகிப்போன பெட்ரோலைச் சுரண்டி எடுத்தான். மூன்று உதைக்கு முனகி அணைந்த வண்டி, நாலாவதில் அதிர்ந்தது. எதிர் டீக்கடை பெஞ்சு காலியானது. தெரு நெடுகக் கதவுகள் சாத்தப்பட்டன.

"சனங்களுக்கு இன்னும் மரியாதை இருக்குய்யா" என்று பூரித்தவர், அவனை உற்றுப் பார்த்தார். "நீ சூசையோட தம்பிதானே? விசாரணைக்கு அவன் இந்தப் பின்சீட்டுலதான் வந்தான். ஏறு, ஓட்டிப் பாப்போம்."

"வேல கெடக்கு சார்."

"ஏறுன்னேன்."

அன்றைக்குப் போன அண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை. சவரிமுத்து எதையோ முடுக்குவதுபோலக் குனிந்து, டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் குழாயை மூடிவிட்டு ஏறிக்கொண்டான். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தெருமுனைக்கே காணாது, ஆட்கள் பார்க்க நடுத்தெருவில் வண்டி நின்றுவிடும் என்று நம்பினான். கடைசி வீட்டைத் தாண்டிய பிறகும் எஞ்சின் ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. மிச்சமிருந்த ஒவ்வொரு சொட்டும் வீணாகாமல் எரியும்படி, அவ்வளவு நன்றாக வேலை பார்த்திருந்தான்.